நிகழ்வுவழி எக்ஸ்எம்எல் பாகுபடுத்தி: ஊர்ப்பெயர் அடைவுப் பணியில் பல ஆண்டுப் பாவனை

திருகோணமலை மாவட்டத்தின் ஊர்கள், குளங்கள், பாலங்கள், கோயில்கள் ஆகியவற்றின் பெயர்களைத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்னும் மூன்று மொழிகளிலும் சேர்த்து வைக்கும் அடைவு ஒன்றைச் சில ஆண்டுகளாகப் பேணி வருகிறேன். அதற்கான தரவு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தின் இலங்கைப் பகுதியிலிருந்தும், தமிழ் விக்கிப்பீடியா காலத்துக்குக் காலம் வெளியிடும் முழுப் பக்கத் தொகுப்பிலிருந்தும் வருகிறது. இரண்டையும், தரவை உறுப்புகள் என்னும் பெயரிட்ட பகுதிகளாகவும் அவற்றின் பண்புகளாகவும் எழுதும் எக்ஸ்எம்எல் வடிவிலேயே கையாளுகிறேன். முழு ஆவணத்தையும் மரமாக விரித்து வைக்கும் டாம் முறை கோப்பின் அளவைப்போலப் பல மடங்கு நினைவகத்தைக் கேட்கும் என்பதாலும், என்னிடமிருப்பது பழைய மடிக்கணினி என்பதாலும், தொடக்கத்திலிருந்தே, கோப்பைப் படிக்கப் படிக்கக் கண்டதை நிகழ்வுகளாக அறிவிக்கும் சாக்ஸ் என்னும் நிகழ்வுவழி இடைமுகத்தைத்தான் பாவிக்கிறேன். முதலில் ஜாவாவில், பின்னர் பெரும்பாலும் பைதனில்.

எக்ஸ்எம்எல் 1.0 பரிந்துரை வெளியானது 1998 பெப்ரவரியில். அதே ஆண்டு மே மாதத்தில் சாக்ஸின் முதற் பதிப்பு வந்துவிட்டது. எந்தத் தர நிர்ணய அமைப்பும் அதை உருவாக்கவில்லை. எக்ஸ்எம்எல் உருவாக்குநர்களின் மடற்குழுவில் பலர் விவாதித்ததை டேவிட் மெகின்சன் ஒருங்கிணைத்து, உரிமை கோராமல் பொதுவில் விட்டார். ஒரே பெயருள்ள உறுப்புகளை ஒரு முகவரியால் வேறுபடுத்தும் பெயர்வெளிகளை ஏற்கும் இரண்டாம் பதிப்பு 2000ஆம் ஆண்டில் வந்தது. அதற்குப் பிறகு இடைமுகத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவுமில்லை. மென்பொருள் நூலகங்கள் ஆண்டுதோறும் உருமாறும் காலத்தில், இரண்டு தசாப்தங்களுக்கு முன் எழுதிய கையாளி வகுப்பு (நிகழ்வுகளைப் பெற்றுக்கொள்ளும் நம் நிரல்) இன்றும் அப்படியே ஓடுவதை நான் முதல் தரமான சிறப்பாகக் கருதுகிறேன்.

வேலை நடக்கும் விதம் எளிமையானது. பாகுபடுத்தி, அதாவது கோப்பைப் படித்துக் கூறுகளாகப் பிரிக்கும் மென்பொருள், கோப்பை முன்னிருந்து பின்னாக ஒருமுறை படித்துச் செல்கிறது. ஆவணம் தொடங்கியது, உறுப்பு தொடங்கியது, எழுத்துகள் வந்தன, உறுப்பு முடிந்தது, ஆவணம் முடிந்தது என்று ஒவ்வொன்றுக்கும் நம் கையாளியின் ஒரு செயற்பாட்டை அழைக்கிறது. சொல்லி முடித்ததும் அதை மறந்துவிடுகிறது. மீன் இறங்கும் துறையில் கணக்கெழுதுபவரின் நிலைதான் நமக்கு: கூடைகள் ஒவ்வொன்றாகக் கடந்து போகும், குறித்துக்கொள்ளாத கூடை திரும்பி வராது. ஆகவே எதை நினைவில் வைப்பது, எவ்வளவு நேரம் வைப்பது, எப்போது கைவிடுவது என்ற முடிவுகள் முழுவதும் நிரலரின் பொறுப்பு. சாக்ஸ் கடினமானது என்று சொல்பவர்கள் பெரும்பாலும் இந்தப் பொறுப்பைத்தான் கடினம் என்கிறார்கள் என்பது என் எண்ணம். இடைமுகத்தை ஒரு மாலைப்பொழுதில் கற்றுவிடலாம்.

விக்கிப்பீடியாத் தொகுப்பை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகும். உயர்தர வகுப்பில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிக்கும் மாணவர் ஒருவர் எனக்கு உதவ வந்தபோது முதலில் கேட்ட கேள்வி, “சேர், ஒரு பக்கத்துக்கு மூண்டு ஐடி வருது, எதை எடுக்கிறது?” என்பதுதான். சரியான கேள்வி. அத்தொகுப்பில் ‘பேஜ்’ உறுப்பின் நேரடிப் பிள்ளையாக ஓர் ‘ஐடி’ உண்டு. ‘பேஜ்’ உறுப்புக்குள்ளிருக்கும் ‘ரிவிஷன்’ (திருத்தம்) உறுப்புக்கு வேறோர் ‘ஐடி’ உண்டு. அந்தத் திருத்தத்தைச் செய்த பயனரைக் குறிக்கும் ‘கான்ட்ரிபியூட்டர்’ உறுப்புக்குள்ளும் ஒன்று உண்டு. புகுபதியாமல் தொகுத்த பக்கங்களில் கடைசியாகச் சொன்னது இல்லாமலும் போகலாம் என்பதால், எத்தனையாவது ‘ஐடி’ என்று எண்ணிப் பார்ப்பதும் பயன்படாது. பாகுபடுத்தி சொல்வது “ஐடி தொடங்கியது” என்பதை மட்டுமே. யாருடைய ஐடி என்று அது சொல்லாது. இதற்கு ஒரே நம்பகமான வழி, தொடக்க நிகழ்வில் உறுப்பின் பெயரை ஓர் அடுக்கில் ஏற்றி, முடிவு நிகழ்வில் இறக்கி, எந்த நேரத்திலும் நாம் நிற்கும் பாதை முழுவதையும் அந்த அடுக்கிலிருந்து அறிந்துகொள்வதாகும். “இப்போது பக்கத்துக்குள் இருக்கிறேனா, திருத்தத்துக்குள் இருக்கிறேனா” என்று ஆம், இல்லை எனக் குறிக்கும் தனித்தனிக் கொடிகளை வைத்து எழுதிய நிரல்களையும் பார்த்திருக்கிறேன். கொடிகள் மூன்றைத் தாண்டும்போது அவற்றை எழுதியவருக்கே அந்த நிரல் புரிவதில்லை.

முடிவெடுக்கும் இடம் பற்றியும் அதே தொகுப்பு ஒரு பாடம் தருகிறது. எனக்கு வேண்டியவை விக்கிப்பீடியாவின் முதன்மைப் பெயர்வெளியிலுள்ள (இங்கே இது பக்க வகையைக் குறிக்கும், எக்ஸ்எம்எல் பெயர்வெளியை அல்ல) கட்டுரைகள் மட்டுமே. பேச்சுப் பக்கங்களும் வார்ப்புருக்களும் வேண்டாம். ஆனால் ‘பேஜ்’ தொடங்கும்போது அது எந்த வகைப் பக்கம் என்று தெரியாது. முதலில் தலைப்பு வரும், அதன் பின்னரே வகையைச் சொல்லும் ‘என்எஸ்’ உறுப்பு வரும். எனவே தலைப்பைத் தற்காலிகமாகப் பிடித்து வைத்துக்கொண்டு, வகை தெரிந்த பிறகு உரையைச் சேர்ப்பதா கைவிடுவதா என்று தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. பொதுவாகச் சொன்னால், தொடக்க நிகழ்வில் எந்த வேலையையும் செய்யாமல், துண்டுகளைச் சேர்ப்பதோடு நிறுத்தி, பதிவு முழுமையடையும் முடிவு நிகழ்வில் மட்டும் அதை அடுத்த கட்டத்துக்குக் கையளிப்பதே நீண்ட காலம் தாங்கும் அமைப்பு. தொடக்க நிகழ்வில் வரும் பண்புகளின் தொகுதி அந்த அழைப்பு முடியும்வரை மட்டுமே செல்லுபடியாகும். பாகுபடுத்தி அதே பொருளை அடுத்த உறுப்புக்கும் பாவிக்கலாம் என்பதால், வேண்டிய மதிப்புகளை அங்கேயே படியெடுத்துவிட வேண்டும்.

எழுத்து நிகழ்வைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. ஓர் உறுப்புக்குள் இருக்கும் உரை ஒரே அழைப்பில் வரும் என்று சாக்ஸ் எங்கும் உறுதியளிக்கவில்லை. பாகுபடுத்தி தன் இடையகத்தின் (தற்காலிக நினைவிடத்தின்) விளிம்பை எட்டும் இடத்தில் உரையை வெட்டி அனுப்பலாம்; ‘<’ போன்ற எழுத்துக்குப் பதிலாக ‘<’ என்று எழுதும் மாற்றுக்குறி ஒன்று வரும் இடத்திலும் வெட்டலாம். விக்கிக் கட்டுரைகளின் உரையிலிருக்கும் மேற்கோள் ஒட்டுகளின் கோண அடைப்புக்குறிகள் எல்லாம் தொகுப்பில் மாற்றுக்குறிகளாகவே எழுதப்பட்டிருப்பதால், வெட்டு விழக்கூடிய இடங்கள் ஒரு கட்டுரைக்குள்ளேயே நூற்றுக்கணக்கில் இருக்கும். பைதனின் சாக்ஸ் தொகுதி, அடியிலிருக்கும் எக்ஸ்பாட் என்னும் பாகுபடுத்தி நூலகம் அனுப்பும் துண்டுகளைத் தானே ஓரளவு சேர்த்துத் தருகிறது. ஆனாலும் அது கோப்பை 65,536 பைட்டுகள் கொண்ட பகுதிகளாகப் படிப்பதால், பகுதி முடியும் இடத்தில் நடுவிலிருக்கும் உரை இரண்டாகவே வந்து சேரும். சிறிய மாதிரிக் கோப்பில் குறையின்றி ஓடும் நிரல், முழுத் தொகுப்பில் மட்டும் எங்கோ ஓரிரு தலைப்புகளைப் பாதியாக்கிவிடுவது இதனால்தான்.

தமிழ் உரையில் இதன் விளைவு இன்னும் நுட்பமானது. ‘திருகோணமலை’ என்ற பெயர் கண்ணுக்கு ஆறு எழுத்துகள். ஒருங்குறியில் அது 10 குறிகள். அவற்றைக் கோப்பில் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8இல் 30 பைட்டுகள். ஒரு குறியின் மூன்று பைட்டுகளை நல்ல பாகுபடுத்தி எதுவும் பிரித்து அனுப்பாது. ஆனால் ககரத்தை ஒரு நிகழ்விலும் அதன் ஓகாரக் குறியை அடுத்த நிகழ்விலும் அனுப்பினால் அது விதிமீறல் அல்ல. வெறுமனே சேர்த்துக்கொண்டு போனால் பாதகமில்லை. வரும் துண்டு ஒவ்வொன்றையும் அங்கேயே சீராக்க முனைந்தால்தான் சிக்கல். ‘கொட்டியாரம்’ என்பதை எகரக் குறியும் கால் குறியும் தனித்தனியாக வைத்து உள்ளிடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவ்விரண்டையும் ஒரே ஒகரக் குறியாக்கும் ஒருங்குறிச் சீராக்கம், இரண்டு குறிகளும் வெவ்வேறு துண்டுகளில் இருந்தால் நிகழாது. பிறகு தேடலில் அந்த ஊர் அகப்படாது. திரையில் பார்த்தால் எழுத்தும் வேறுபட்டுத் தெரியாது. துண்டுதோறும் ஓர இடைவெளிகளை நீக்கினாலும் இதே கதிதான்: வெட்டு சொல்லிடைவெளியை ஒட்டி விழுந்தால் ‘கன்னியா வெந்நீர் ஊற்று’ ஒட்டிக்கொண்டுவிடும். ஆகவே துண்டுகளைப் பட்டியலொன்றில் தொட்டுப் பார்க்காமல் சேர்த்து, முடிவு நிகழ்வில் ஒன்றாக இணைத்து, இடைவெளி நீக்கம், சீராக்கம், ‘திருக்கோணமலை’ போன்ற எழுத்து வேறுபாடுகளைப் பொருத்துதல் ஆகிய எல்லாவற்றையும் அதன் பின்னரே செய்கிறேன். பட்டியல் வேண்டிய உறுப்புக்குள் இருக்கும்போது மட்டும் திறந்திருக்க வேண்டும்; இல்லாவிட்டால் உறுப்புகளுக்கிடையே உள்ள வரிமுறிவுகளும் உள்ளே வந்துவிடும்.

வரைபடக் கோப்பின் இயல்பு இதற்கு நேர்மாறானது. அதில் உரை என்று எதுவுமில்லை. பெயர்கள் எல்லாம் பண்புகளில் இருக்கின்றன. சிக்கல் வரிசையில் இருக்கிறது. கணுக்கள் (ஒவ்வொன்றும் ஓர் இடப்புள்ளி) முதலிலும், அவற்றை எண்களால் சுட்டும் வழிகள் (வீதி, பாலம் போன்ற கோடுகள்) அடுத்தும், வழிகளையும் கணுக்களையும் சேர்த்துக் கட்டும் தொடர்புகள் இறுதியிலும் வருகின்றன. 2009இல் திறக்கப்பட்ட கிண்ணியாப் பாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஒரு வழி. அந்த உறுப்புக்குள் கணு எண்கள் முதலிலும் பெயர் பின்னரும் இருக்கும். அந்தக் கணுக்களின் அகலாங்கும் நெட்டாங்குமோ நெடுநேரத்துக்கு முன்பே கடந்து போய்விட்டிருக்கும். கணுக்களைக் கடக்கும்போது எவை பாலத்துக்குரியவை என்று அறிய வழியில்லை. இலங்கை முழுவதற்குமான கணுக்களைச் சேமித்து வைப்பதை விட, கோப்பை மும்முறை படிப்பதே எனக்கு ஏற்றதாயிற்று: முதல் ஓட்டத்தில் தொடர்புகள், இரண்டாவதில் வழிகள், மூன்றாவதில் அவற்றுக்கு வேண்டிய கணுக்கள் மட்டும். நேரம் கூடுகிறது, நினைவகம் கூடுவதில்லை. ஆனால் இப்படி முன்னும் பின்னும் சுட்டும் ஆவணங்கள்தான் உங்கள் முழு வேலையும் என்றால் சாக்ஸை நான் பரிந்துரைக்க மாட்டேன். தரவுத்தளத்தில் ஒருமுறை ஏற்றிவிட்டுக் கேள்வி கேட்பதே முறை.

பிழை நிகழ்வுகள் குறித்து ஆவணங்களில் சுருக்கமாகவே எழுதப்பட்டிருக்கிறது, நடைமுறையில் அவை பெரியவை. மரமுறையில் கோப்பு பழுதாக இருந்தால் மரமே கிடைக்காது. சாக்ஸிலோ பழுது கடைசி வரியில் இருந்தாலும் அதுவரை வந்த நிகழ்வுகள் அனைத்தும் வந்ததுதான். அவற்றை உடனுக்குடன் தரவுத்தளத்தில் எழுதியிருந்தால் அடைவு பாதி புதிதாகவும் பாதி பழையதாகவும் நிற்கும். பதிவிறக்கம் இடையில் அறுந்த கோப்பு இதற்கு வழக்கமான காரணம். முழு ஓட்டத்தையும், முழுதாக நிற்கும் அல்லது முழுதாக நீங்கும் ஒரே தரவுத்தளப் பரிமாற்றமாக வைத்து இறுதியில் உறுதிசெய்வது தீர்வு. ஆயினும் அந்த உறுதிசெய்தலை ஆவண முடிவு நிகழ்வில் எழுதக் கூடாது. மீளமுடியாத பிழைக்குப் பிறகு அந்த நிகழ்வு அழைக்கப்படுமா இல்லையா என்பதில் இடைமுகத்தின் விளக்கங்களுக்குள்ளேயே முரண்பாடு உண்டு என்றும், எதையும் எதிர்பார்த்து எழுத வேண்டாம் என்றும் ஜாவா ஆவணமே ஒப்புக்கொள்கிறது. பாகுபடுத்தும் அழைப்பு விதிவிலக்கு எதுவும் எழுப்பாமல் திரும்பிய பிறகு உறுதிசெய்வதே பாதுகாப்பானது.

இதே வகையில் ஜாவாவில் சேர்ந்துவரும் ஒரு பொறியையும் சொல்ல வேண்டும். விக்கிப்பீடியாவின் பல்தாரைத் தொகுப்பு, பிஸிப்2 முறையில் சுருக்கிய பல தாரைகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிய கோப்பு. விரித்துப் படிக்கும் நூலகத்திடம் ஒட்டிய தாரைகள் அனைத்தையும் படிக்குமாறு கேட்காவிட்டால், ஜாவாவின் அப்பாச்சி காமன்ஸ் கம்ப்ரஸ் நூலகம் முதல் தாரையோடு நின்றுவிடும். அதில் தளம் பற்றிய தலைப்புப் பகுதி மட்டுமே இருக்கும். பாகுபடுத்தியோ ஆவணம் முடியாமல் அறுந்துவிட்டது என்று குறைகூறும். பைதனின் பிஸிப்2 தொகுதி தானாகவே எல்லாத் தாரைகளையும் படிக்கிறது. இரண்டிலும் விரித்த கோப்பை வட்டில் வைக்கத் தேவையில்லாமல் நேரடியாகப் பாகுபடுத்திக்கு ஊட்ட முடிவது, வட்டில் இடம் குறைந்தவர்களுக்குப் பெரிய வசதி.

எக்ஸ்எம்எல் பெயர்வெளி பற்றிச் சிறு எச்சரிக்கை. ஜாவாவில் பாகுபடுத்தியை உருவாக்கித் தரும் தொழிற்சாலை வகுப்பு இயல்பாகப் பெயர்வெளியைக் கவனிக்காது; அந்நிலையில் உறுப்பின் உள்ளூர்ப் பெயர் (முன்னொட்டு நீங்கிய பெயர்) வெறுமையாகவே வரும். கவனிக்கச் சொன்னால், விக்கித் தொகுப்பின் பெயர்வெளி முகவரியிலேயே வடிவத்தின் பதிப்பெண் இருப்பதால், 0.10 என்பது 0.11 ஆனபோது முகவரியை முழுதாக ஒப்பிட்ட நிரல்கள் எதையும் கண்டுபிடிக்காமல் அமைதியாக ஓடி முடிந்தன. பதிப்பெண்ணை விட்டு முகவரியின் முற்பகுதியை மட்டும் ஒப்பிடுவது போதும்.

பிறர் அனுப்பும் கோப்புகளை ஏற்பவர்கள் உட்பொருள்களை (வேறு உரையாக விரியும் குறிப்பெயர்களை) வரையறுக்க இடந்தரும் ஆவண வகை அறிவிப்பையே தடைசெய்துவிடலாம். உள்ளுக்குள் உள்ளாக விரிந்து நினைவகத்தை நிரப்பும் உட்பொருள் தாக்குதலும், வெளிக் கோப்புகளை இழுக்கும் தாக்குதலும் அந்த வாசலால்தான் வருகின்றன. எக்ஸ்பாட் 2021இல் வெளியான 2.4.0 பதிப்பிலிருந்து முதலாவதற்குத் தானே எல்லை வைத்திருக்கிறது. பைதன் 3.7.1 முதல் வெளி உட்பொருள்களை இயல்பாக ஏற்பதில்லை.

மாற்று வழிகளில், ஜாவாவின் ஸ்டாக்ஸ் அடுத்த நிகழ்வை நாமே கேட்டுப் பெற விடுவதால் நிரல் நேர்கோட்டில் வாசிக்கத் தகுந்ததாகிறது. கோப்பைப் படித்தபடியே உறுப்புகளை ஒவ்வொன்றாகத் தரும் பைதனின் இடர்பார்ஸ், சில புலங்களை மட்டும் எடுக்க விரும்புவோருக்கு எளிது. ஆனால் முடிந்த உறுப்பைத் துடைத்தாலும் அதன் வெற்றுக்கூடு வேருக்குக் கீழ் தங்கிவிடும், வேரையும் துடைக்க வேண்டும். அந்த மாணவர் இப்போது அதைத்தான் பாவிக்கிறார், நான் மறுக்கவில்லை.

கையாளியைச் சோதிக்க நான் கடைப்பிடிக்கும் முறை ஒன்றே. பைதனின் பாகுபடுத்தியில் துண்டுதுண்டாக ஊட்டும் வசதி இருக்கிறது. தமிழ், சிங்களம், மாற்றுக்குறிகள், வரிமுறிவுகள் எல்லாம் கலந்த சிறிய மாதிரி ஆவணத்தை முதலில் முழுதாகவும், பிறகு ஒவ்வொரு பைட்டாகவும் ஊட்டுகிறேன். இரண்டு ஓட்டங்களிலும் கிடைக்கும் பதிவுகள் ஓர் எழுத்தும் மாறாமல் ஒத்திருக்க வேண்டும். பகுதி எல்லையில் மட்டும் தலைகாட்டும் குறைகள் முழுத் தொகுப்பை ஓட்டாமலே இப்படி வெளிவந்துவிடுகின்றன. 2024இல் வந்த எக்ஸ்பாட் 2.6.0, முடிவுறாத துண்டுகளை மறுபடி மறுபடி ஆராய்வதைத் தள்ளிப்போடுவதால், இவ்வாறு ஊட்டும்போது நிகழ்வுகள் சற்றுப் பிந்தி வரக்கூடும். ஆகவே ஊட்டலுக்கு இடையில் எதையும் ஒப்பிடாமல், பாகுபடுத்தியை மூடிய பிறகே ஒப்பிட வேண்டும்.