ஒற்றைக்குத் தங்கினால் பேய் வருமா? ஆரல்வாய்மொழிப் பக்கத்து ஓட்டு வீடு ஒன்றில் மூன்று இரவுகள்

குமரி மாவட்டத்தில், தோவாளைக்கும் ஆரல்வாய்மொழிக்கும் இடையே, சாலையிலிருந்து உள்ளே தள்ளி, தென்னந்தோப்புக்குள் நிற்கும் பழைய ஓட்டு வீடொன்றைத் தங்குவதற்கு வாடகைக்கு விடுகிறார்கள். ஆடியில் இரண்டு இரவுகள் தனியாகவும், ஆவணியில் ஓர் இரவு மனைவியோடும் சித்தியோடும் அங்கே தங்கினேன். வீட்டின் பெயரை எழுதப்போவதில்லை. பேய் வீடு என்ற பட்டம் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் உரிமையாளர் எத்தனை முறை வெள்ளையடித்தாலும் அது போகாது.

சாப்பாட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. காலையில் புட்டு, பயறு, பப்படம், மட்டிப்பழம், கருப்பட்டிக் காப்பி. இவை எல்லாம் ஓர் இரவுக்கான 1,800 ரூபாய் வாடகையிலேயே அடங்கிவிடுகின்றன. தேக்கு மச்சும் குளிர்ந்த தரையும் இருப்பதால் குளிர்சாதனம் தேவைப்படவில்லை. குறைகள் இரண்டு: கழிப்பறைக்குப் போகப் பின்திண்ணை வழியாக நடக்க வேண்டும், அங்கே இருப்பதோ ஒரே ஒரு மங்கிய விளக்கு, படுக்கையறைக் கதவின் கொண்டி தேய்ந்துபோய், காற்று தள்ளினால் தானாகவே கழன்றுகொள்கிறது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆடிக்காற்று எப்படி அடிக்கும் என்பது அங்கே நிற்கும் காற்றாலைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

முதல் நாள் மாலை சாவியைக் கொடுத்த காவல்கார அண்ணாச்சி, "ஒத்தைக்கா படுக்கப் போறிய? பயம் ஒண்ணும் இல்லல்லா?" என்று கேட்டார். அதுவரை இல்லாத பயம் அந்தக் கேள்வியோடுதான் வீட்டுக்குள் வந்தது என்று இப்போது தோன்றுகிறது. முப்பந்தல் இசக்கியம்மன் கோயில் அங்கிருந்து அதிக தூரமில்லை. தனியாகப் போகிறவனிடம் சுண்ணாம்பு கேட்கும் யட்சியின் கதையைக் கேட்காமல் இந்த மாவட்டத்தில் யாரும் வளர்வதில்லை.

நள்ளிரவு தாண்டியதும் மச்சின் மேல் யாரோ நடந்தார்கள். கதவு திறந்து மூடியது. மூன்று மணி வாக்கில் பிச்சிப்பூ வாசனை அறை முழுவதும் நிறைந்தது. எழுந்து விளக்கைப் போட நினைத்தபோது கை கால் அசையவில்லை. நெஞ்சின் மேல் ஒருவர் உட்கார்ந்திருப்பதுபோல மூச்சு முட்டியது. நம் ஊரில் இதற்கு அமுக்குவான் பேய் என்று பெயர். ஜப்பானியர்கள் கனாஷிபாரி என்பார்கள். கனவு காணும் உறக்கத்தில் உடலின் தசைகள் தளர்ந்து செயலற்றுக் கிடக்கும். அந்தக் கட்டு அவிழும் முன்பே விழிப்பு வந்துவிட்டால் கனவின் மிச்சம் கண்ணெதிரே நிற்கும். மல்லாந்து படுத்தாலும் உறக்கம் கெட்டாலும் இது வருவதற்கான வாய்ப்பு அதிகம். இவ்வளவும் எனக்கு முன்பே தெரியும், ஆனால் அந்த அரை நிமிடத்தில் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

ஆவணியில் மூவராகப் போனபோது அதே அறையில், அதே காலடி கேட்டது. மனைவி கண்ணைத் திறக்காமலேயே, "மரநாய்ங்க, பேசாமப் படுங்க" என்றாள். ஆடியில் இரண்டு இரவுகள் என்னை விழித்திருக்க வைத்த ஒன்று மூன்று சொற்களில் முடிந்துபோனது. மச்சில் மரநாய் குடியிருப்பதை அண்ணாச்சியும் மறுநாள் ஒப்புக்கொண்டார். பிச்சிப்பூ வாசனைக்குக் காரணம், விடியுமுன்பே கூடும் தோவாளைப் பூச்சந்தை. மேற்கேயிருந்து வரும் காற்று அதை நேராக ஜன்னலுக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது.

இதை வைத்து, தனியாக இருப்பவர்களுக்குத்தான் பேய் தெரியும் என்று எழுதி முடித்திருப்பேன். ஆனால் காலையில் காப்பி குடிக்கும்போது சித்தி, இரவு தன் கால்மாட்டில் ஒருத்தி நின்றதாகவும், எங்களைக் கூப்பிட வாய் வரவில்லை என்றும் சொன்னார். நாங்கள் இருவரும் கைக்கெட்டும் தூரத்தில் படுத்திருந்தோம். பக்கத்தில் உறங்குகிறவர் துணைக்கணக்கில் சேரமாட்டார் போலும்.

தனியாக இல்லாதவர்களும் இப்படி உணர்ந்ததற்குச் சான்று உண்டு. 1916-இல் தென் ஜார்ஜியாத் தீவின் பனிமலைகளை 36 மணி நேரம் நடந்து கடந்த அன்டார்டிகப் பயணி ஷாக்கிள்டன், தாங்கள் மூவரல்ல, நால்வர் என்று தமக்குப் பலமுறை தோன்றியதாகப் பின்னர் எழுதினார்; உடன் நடந்த இருவருக்கும் அந்த எண்ணம் இருந்திருக்கிறது. இங்கிலாந்தின் ஆய்வுக்கூடமொன்றில் இரவில் தனியாக வேலை செய்த பொறியாளர் விக் டேண்டி, ஓரக்கண்ணில் சாம்பல் நிற உருவத்தைக் கண்டு நடுங்கினார். புதிதாகப் பொருத்திய காற்றாடி ஒன்று எழுப்பிய, காதுக்கு எட்டாத, நொடிக்கு ஏறத்தாழ 19 அதிர்வு கொண்ட ஒலியே அதற்குக் காரணம் என்று 1998-இல் கட்டுரை வெளியிட்டார். அந்த விளக்கத்தை எல்லோரும் ஏற்கவில்லை. ஆனால் அந்த இடத்தில் ஏதோ சரியில்லை என்று உடன் வேலை பார்த்தவர்களும் உணர்ந்திருந்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது.

வணிகன் ஒருவனைப் பழிவாங்க அவன் மனைவியாக வந்து நின்ற பேய், பழையனூர் நீலியின் கதையை இந்த முறை வேறு விதமாக நினைத்துப் பார்த்தேன். நீலி வணிகனுக்கு மட்டும் தெரிந்தவள் அல்லள். கைக்குழந்தையோடு எழுபது வேளாளர் முன்னால் வந்து நியாயம் கேட்டவள். எழுபது பேரும் அவளைக் கண்டார்கள், ஆனால் ஒருவருக்கும் அவள் பேயென்று தெரியவில்லை. தெரிந்த ஒருவனையோ யாரும் நம்பவில்லை. தனியாகத் தங்கியவனின் சிக்கலும் அதுதான்: அவனுக்கு அதிகமாக ஒன்றும் நேர்வதில்லை, நேர்ந்ததை அந்தக் கணமே "உனக்கும் கேட்டதா?" என்று கேட்டுச் சரிபார்க்க ஆளில்லை. சரிபார்க்கப்படாத சத்தம் விடிவதற்குள் கதையாகிவிடுகிறது.

ஆகவே உரிமையாளருக்கு என் கோரிக்கை எளியது. சாவி கொடுக்கும்போதே மரநாய், பூச்சந்தை, கொண்டி மூன்றையும் சொல்லிவிடச் சொல்லுங்கள். தலைமாட்டில் ஒரு டார்ச் லைட் வையுங்கள். பயமில்லையா என்று மட்டும் அண்ணாச்சி கேட்க வேண்டாம். உறக்கம் கெட்டவர்களும் இருட்டுக்கு அஞ்சுகிறவர்களும் முன்னறையைக் கேட்டு வாங்கலாம்; அதற்கு மேல் மச்சு இல்லை. எனக்கு அந்தப் பின்னறைதான் பிடித்திருக்கிறது. மார்கழியில் இரண்டு இரவுகளுக்கு, ஒருவருக்கென்று, முன்பணம் கட்டியிருக்கிறேன்.