குவார்ட்ஸா, கால்சைட்டா?

யாழ்ப்பாணக் குடாநாட்டின் மணற்காடு என்ற ஊரில் ஒரு கை மணல் அள்ளினால், அதில் பெரும்பகுதி குவார்ட்ஸ். வலிகாமத்தில் கிணறு வெட்டினால் செம்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல்; அதன் கனிமம் கால்சைட். தெளிந்த படிகமாகக் கிடைத்தால் இரண்டும் ஒன்றுபோலவே மின்னும். உறுதியைப் பார்த்து எல்லோரும் குவார்ட்ஸைத்தான் உயர்த்துகிறார்கள். என் வாக்கு கால்சைட்டுக்கு.

குவார்ட்ஸ் சிலிக்கனும் ஒட்சிசனும் சேர்ந்தது. கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை காட்டும் மோ அளவில் கடினம் 7, கண்ணாடியையே கீறும். பாறை வெடிப்பில் ஊறும் சூடான நீர் ஆறும்போது, கரைந்திருந்த சிலிக்கா படிந்து அறுகோணத் தூணாக வளர்கிறது. அழுத்தினால் மின்னூட்டம் காட்டும். பிரெஞ்சு விஞ்ஞானிகளான கியூரி சகோதரர் 1880இல் கண்ட இந்தப் பண்பினால்தான் கைக்கடிகாரத்தினுள் ஒரு சிறு துண்டு நொடிக்கு 32,768 தடவை அதிர்ந்து நேரம் காக்கிறது. அம்பன், வல்லிபுரம் பக்கத்து வெண்மணல் கண்ணாடி செய்ய உகந்தது.

கால்சைட் கல்சியம் காபனேற்று. கடினம் வெறும் 3, இரும்பாணி கீறிவிடும். தட்டினால் சாய்சதுர முகங்களாகப் பிளக்கும். தெளிந்த துண்டை அச்சுத் தாளின் மேல் வையுங்கள், ஒவ்வோர் எழுத்தும் இரண்டாகத் தெரியும். தூளாக்கித் தேசிக்காய்ப் புளி விட்டால் நுரைக்கும். குவார்ட்ஸ் சும்மா கிடக்கும்.

அமிலத்துக்குக் கரையும் இந்தக் குணம்தான் நமக்குத் தண்ணீர் தருகிறது. பல மில்லியன் ஆண்டுகளுக்கு முந்திய மயோசீன் காலக் கடலில் உயிரினங்களின் ஓடுகள் படிந்து உருவான பாறை நம் சுண்ணாம்புக்கல். மழைநீர் மண்ணிலுள்ள காபனீரொட்சைட்டை ஏந்தி மென்னமிலமாகி இறங்கி, வெடிப்புகளை அரித்துக் குகைகளாக்குகிறது. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறில்லாத குடாநாட்டுக்கு அந்த வெற்றிடங்களே நீர்த்தொட்டி. புத்தூர் நிலாவரைக் கிணறும் கீரிமலைக் கேணியும் அப்படி வந்தவை. 1990இல் மூடப்பட்ட காங்கேசன்துறைச் சீமெந்து ஆலைக்கும் இதே கல்தான் மூலப்பொருளாக இருந்தது.

ஆனால் நீர் இறங்கும் வழியாகவே உரமும் மலக்குழிக் கசிவும் இறங்கும். அளவுக்கு மீறி இறைத்தால் கடல் உவர் உள்ளே ஏறும். குவார்ட்ஸ் மணலையும் சும்மா விடுகிறோமா? மணற்குன்றுகளை அள்ளிச் சென்றால் கடலுக்கும் ஊருக்கும் இடையில் தடுப்பே இராது.

கழுத்தில் போட மாலை வாங்குகிறவர் மட்டும் குவார்ட்ஸையே தேர்ந்தெடுக்கட்டும். கால்சைட் மணி உரசலில் மங்கிவிடும்.