குவாட்ர போர்னில் ஓர் ஆயுர்வேத சிகிச்சையகம்: தீவின் சீதோஷ்ணம் தெரிந்த வைத்தியம்

ஆயுர்வேதம் என்று பலகை வைத்த இடங்கள் மொரீஷியஸில் நிறைய இருக்கின்றன, கடற்கரை ஹோட்டல்களில் மணிக்கு இவ்வளவு என்று எண்ணெய் தேய்த்துவிடும் அறைகளும் அந்தப் பெயரில்தான் ஓடுகின்றன. குவாட்ர போர்ன் சந்தைக்குப் பின்பக்கத் தெருவில், ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருக்கும் இந்தச் சிகிச்சையகத்தைப் பற்றி எழுத ஒரே காரணம், அங்கே இருக்கும் டாக்டரம்மா நூலில் உள்ளதை அப்படியே ஒப்பிக்காமல் நம் தீவின் வெயிலுக்கும் ஈரத்துக்கும் பொருத்திச் சொல்கிறார். இங்கேயே பிறந்து, கேரளத்தில் படித்துவிட்டு வந்தவர். பேச்செல்லாம் இங்கத்திய கிரியோல் மொழியில்தான், தமிழில் கேட்டால் நன்றாகப் புரிந்துகொள்கிறார்.

எனக்கு இருந்த தொந்தரவு, சாப்பிட்டதும் வயிறு உப்புசம், குளிர்காலம் வந்தால் முழங்கால் பிடிப்பு. சர்க்கரைக்கு மாத்திரையும் சாப்பிடுகிறேன். முதல் சந்திப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் போனது, அதில் முழங்காலைப் பற்றிய பேச்சு கடைசியில்தான் வந்தது. எத்தனை மணிக்குப் பசிக்கிறது, தினமும் அதே நேரமா, பசித்தால் கோபம் வருகிறதா, தூக்கம் நடுவில் கலைகிறதா, வியர்வை அதிகமா, சின்ன வயதில் உடம்பு எப்படி இருந்தது என்று கேட்டுக்கொண்டே போனார். ஒருநாள் நன்றாகப் பசிக்கும், மறுநாள் பசியே இருக்காது என்றேன். உடனே விளக்கினார்: உடம்பை நடத்துபவை வாதம், பித்தம், கபம் என்கிற மூன்று தோஷங்கள் என்பது ஆயுர்வேதம், அவற்றை வைத்துச் செரிக்கும் நெருப்பான அக்னியை அது நான்காகப் பிரிக்கிறது. சீராக எரிந்தால் சமாக்னி, பித்தம் ஏறி வேகமாக எரிந்தால் தீட்சணாக்னி, கபம் ஏறி மங்கினால் மந்தாக்னி, வாதத்தால் ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் விஷமாக்னி. எனக்குக் கடைசி வகை. நோய்க்குப் பெயர் வைப்பதற்கு முன்னால் அக்னியைச் சரிசெய்ய வேண்டும், சரியாகச் செரிக்காமல் தங்குகிற ஆமம்தான் பல வியாதிக்கு விதை என்பது அவர்கள் கணக்கு.

அப்புறம் எதிர்பாராத ஒரு கேள்வி: ஒன்றுக்கு வந்தால் அடக்குவீர்களா? நான் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறவள், மணி அடிக்கும்வரை அடக்குவது எங்கள் எல்லோருக்கும் பழக்கம். மலம், சிறுநீர், தும்மல், கொட்டாவி, பசி, தாகம், தூக்கம், கண்ணீர் என்று அடக்கக்கூடாத வேகங்கள் 13 என்று பழைய வைத்திய நூல்கள் எண்ணி வைத்திருக்கின்றன, அடக்கினால் வாதம் கெடும் என்கின்றன. வாதக் கணக்கை நம்பாதவர்கள்கூட இந்த அறிவுரையைத் தள்ள முடியாது.

இனிதான் முக்கியமான விஷயம். நான் இருப்பது கியூர்பிப் பக்கம். கடல்மட்டத்திலிருந்து ஐந்நூறு மீட்டருக்கு மேல், எப்போதும் தூறல், துணி காயவே காயாது. நாத்தனார் போர்ட் லூயியில் இருக்கிறாள், அங்கே வெயில் கொளுத்தும். ஒரு மணி நேரத் தூரத்துக்குள் இரண்டு வேறு சீதோஷ்ணம். ஆயுர்வேதம் நிலத்தை வறண்ட ஜாங்கலம், ஈரமான ஆனூபம், நடுத்தரமான சாதாரணம் என்று மூன்றாகப் பிரிக்கிறது. ஒரே உடல்வாகு உள்ள இரண்டு பேர், ஒருவர் கியூர்பிப்பிலும் ஒருவர் மேற்குக் கடற்கரையிலும் இருந்தால், இரண்டு பேருக்கும் ஒரே பத்தியம் எழுத முடியாது என்றார். எனக்கு ராத்திரித் தயிர் கிடையாது, ஆறின சாப்பாடு கிடையாது, குடிப்பதெல்லாம் சூடாக. தயிரை ராத்திரியில் விலக்கச் சொல்வது பழைய நூல்களிலேயே இருக்கிறது, ஈர நிலத்தில் அதை இன்னும் கறாராகப் பார்க்க வேண்டுமாம்.

பருவகாலத்துக்கும் இதே கவனம்தான். குளிர்காலத்தில் அக்னி பலமாக இருக்கும், நெய், உளுந்து, நல்லெண்ணெய் எல்லாம் தாங்கும், மழைக்காலத்தில் மங்கும் என்பது பருவத்துக்கேற்ற உணவுமுறையான ருதுசரியையின் அடிப்படை. தமிழ்நாட்டிலிருந்து வரும் நாட்காட்டியை வைத்துக்கொண்டு மார்கழியில் உளுந்தங்களியும் நெய்யும் சாப்பிட்டால் இங்கே என்ன ஆகும்? டிசம்பரில் நமக்கு லிச்சியும் மாம்பழமும் வரும் வேக்காட்டுக் காலம். குளிர் ஜூலையில்தான். ஜனவரி, பிப்ரவரியில் கோடையும் மழையும் புயலும் சேர்ந்தே வருவதால் அதுதான் அக்னி ரொம்ப மந்தமாகும் நேரம், கஞ்சி, ரசம், பாசிப்பருப்பு என்று லேசாகப் போங்கள் என்று ஒரு தாளில் மாதவாரியாக எழுதிக் கொடுத்தார். இந்தத் தாள் ஒன்றுக்கே கட்டணம் தகும். இணையத்தில் நான் பார்த்த ருதுசரியைப் பட்டியல் எதுவும் நம் அரைக்கோளத்துக்கு எழுதப்பட்டதில்லை.

கீரை, காய் எல்லாம் இங்கே சந்தையில் கிடைப்பதைத்தான் எழுதினார். பிரேத் முரூம் (நம் முருங்கைக்கீரைதான்), பிரேத் மார்தேன் என்று விற்கிறார்களே அந்த மணத்தக்காளிக் கீரை, மார்கோஸ் என்கிற பாகற்காய். கல்யாண இலையில் பரிமாறும் ஏழு காய்கறிக் கறியும் சாப்பிடலாமா என்று என் மாமியார் கூடவே வந்து கேட்டார், தாராளமாகச் சாப்பிடுங்கள் அம்மா, ஆனால் வயிற்றில் இரண்டு பங்கு சோறு, ஒரு பங்கு தண்ணீர், ஒரு பங்கு காலி இருக்கட்டும் என்றார். மாமியாருக்கு அதிலேயே டாக்டரைப் பிடித்துப்போனது.

எனக்குக் கொடுத்த மருந்து ஹிங்குவாஷ்டக சூரணம். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சீரகம், கருஞ்சீரகம், இந்துப்பு, நெய்யில் பொரித்த பெருங்காயம், இந்த எட்டும் சேர்ந்தது. அரை ஸ்பூன் சூரணத்தைச் சூடான சோற்றில் நெய்யோடு பிசைந்து முதல் கவளமாகச் சாப்பிட வேண்டும். பெருங்காய வாசனை தூக்கலாக இருக்கும், காரம் மூக்கில் ஏறும். உப்புசம் எனக்கு நன்றாகவே குறைந்தது. சூரணத்தாலா, ராத்திரித் தயிரை விட்டதாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

முழங்காலுக்கு கொட்டம்சுக்காதி தைலமும் பொடிக்கிழியும். மருந்துப் பொடியைத் துணியில் முடிந்து, இரும்புக் கல்லில் சூடாக்கி, செய்கிற அக்கா ஒவ்வொரு தடவையும் தன் புறங்கையில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் என் காலில் வைத்தார். சூடு ஆறியதும் அடுத்த கிழி தயாராக இருந்தது. ஒரு கடற்கரை ஹோட்டலில் சளி பிடித்திருந்த என் தோழிக்கு ஒன்றும் கேட்காமல் நெற்றியில் எண்ணெய் ஊற்றி ஷிரோதாரா செய்தார்கள், இரண்டு நாள் தலைபாரம். இங்கே சளி, காய்ச்சல் இருந்தால் அன்றைக்கு எண்ணெய் கிடையாது என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள்.

சித்த வைத்தியம் தெரிந்த குடும்பத்தில் வளர்ந்ததால் எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. சித்தத்தில் வாதம், பித்தம், கபம் என்கிற வரிசைதான் வயதுக்கும், அதாவது இளமையில் வாதம், முதுமையில் கபம். ஆயுர்வேதம் குழந்தைக்குக் கபம், நடுவயதுக்குப் பித்தம், முதுமைக்கு வாதம் என்கிறது. டாக்டர் மழுப்பாமல், இரண்டும் வேறு வேறு முறை, ஒன்றின் கணக்கை இன்னொன்றில் கலக்காதீர்கள் என்றார். தோஷத்தை ரத்தப் பரிசோதனையில் காட்ட முடியாது என்பதையும் அவரே சொன்னார், அதனால்தான் சர்க்கரை மாத்திரையை நிறுத்தவே கூடாது, அரசு மருத்துவமனையில் இலவசமாகவே பார்க்கிறார்கள், மூன்று மாதச் சர்க்கரை அளவைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றார். சர்க்கரை வியாதி இவ்வளவு பரவிய நம் தீவில், மாத்திரையைத் தூக்கி எறியச் சொல்லும் வைத்தியரை விட்டு ஓடிவிடுங்கள்.

பாதுகாப்பு பற்றியும் கேட்டேன். 2008இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், இணையத்தில் விற்ற 193 ஆயுர்வேத மருந்துகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கில் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்தது. டாக்டர் எனக்கு மூலிகை மருந்து மட்டும்தான் எழுதினார், உலோகத்தைப் புடம்போட்டுச் செய்யும் பஸ்பம் எதுவும் இல்லை, புட்டியில் தயாரிப்பு எண்ணும் காலாவதி தேதியும் காட்டினார். பதிவுச் சான்றிதழ் சுவரில் மாட்டியிருக்கிறது. 1989லேயே ஆயுர்வேதத்துக்கும் பிற மரபு மருத்துவத்துக்கும் தனிச் சட்டம் போட்ட நாடு இது, பதிவு இருக்கிறதா என்று எங்கே போனாலும் கேளுங்கள்.

குறைகளும் உண்டு. வரவேற்பில் இருப்பவர்கள் டாக்டரைப் பார்ப்பதற்கு முன்பே பஞ்சகர்மா பேக்கேஜ் விலைப்பட்டியலை நீட்டுகிறார்கள், இது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. பஞ்சகர்மா என்பது உடம்பைச் சுத்தப்படுத்தும் சிகிச்சைகள்; வமனம் (வாந்தி எடுக்கவைப்பது), விரேசனம் (பேதிக்குக் கொடுப்பது), வஸ்தி (ஆசனவாய் வழியே மருந்து செலுத்துவது) எல்லாம் உடம்பின் பலம் பார்த்துச் செய்ய வேண்டியவை, தள்ளுபடி போட்டு விற்கிற பொருளா அவை? டாக்டரிடம் சொன்னேன், எனக்கு இப்போது அது தேவையில்லை என்று அவரே சொல்லிவிட்டார், ஆனால் பட்டியல் இன்னும் மேஜையில்தான் இருக்கிறது. நேரம் குறித்துப் போனாலும் முக்கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். கேரளத்திலிருந்து வரும் தைலம் சில சமயம் வாரக்கணக்கில் இருப்பு இருக்காது. படிக்கட்டு செங்குத்து, லிப்ட் இல்லை, முழங்கால் வலிக்காரர்களுக்குக் கஷ்டம்தான்.

டாக்டரைப் பார்க்க 1,200 மொரீஷியஸ் ரூபாய், கிழி ஒரு தடவைக்கு 1,800. மருந்து தனி. சந்தை நாளில் போனால் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது, அதனால் வேறு நாளில், காலையில் முதல் ஆளாகப் போங்கள், சாப்பிடுகிற எல்லா மாத்திரைகளையும் ரத்தப் பரிசோதனைத் தாளையும் மறக்காமல் எடுத்துப்போங்கள்.