ஒலியெழுப்பும் மருந்துப் பெட்டி: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

பார்கின்சன் நோயுடன் வாழும் என் தந்தைக்காக வாங்கிய, அலாரம் பொருத்திய மருந்துப் பெட்டியை ஓராண்டாகப் பயன்படுத்தி வருகிறோம். இந்நோய்க்கு அவர் உட்கொள்ளும் லெவோடோபா என்னும் மருந்து உடலில் நெடுநேரம் தங்குவதில்லை. கார்பிடோபா என்னும் துணைமருந்துடன் சேர்த்துக் கொடுத்தாலும் ஏறத்தாழ 90 நிமிடங்களில் இரத்தத்தில் அதன் அளவு பாதியாகிவிடுகிறது. ஒரு வேளை மருந்து அரைமணி தாமதமானாலே அவருடைய நடையில் தயக்கமும் கைகளில் இறுக்கமும் திரும்புவதைக் கண்கூடாகப் பார்த்திருக்கிறேன்.

இப்பெட்டியின் பெருஞ்சிறப்பு, ஒவ்வொரு வேளைக்கும் இரண்டு ஒலிகளை அமைக்க முடிவதுதான். உணவுப் புரதத்திலிருந்து வரும் அமினோ அமிலங்கள், குடலிலிருந்து இரத்தத்துக்கும் அங்கிருந்து மூளைக்கும் லெவோடோபா செல்லும் அதே வழிக்குப் போட்டியிடுவதால், உணவுக்கு அரைமணி முன்போ ஒரு மணி பின்போ மாத்திரையை விழுங்குமாறு பொதுவாக அறிவுறுத்தப்படுகிறது. ஆகவே முதல் ஒலியை மாத்திரைக்கும், அரைமணி கழித்து எழும் இரண்டாவதை உணவுக்கும் என வகுத்துக்கொண்டோம். மருத்துவரின் ஒப்புதலோடு புரதத்தின் பெரும்பகுதியை இரவுணவுக்கு மாற்றிய பின், தந்தையின் பகல்பொழுது முன்னைவிட எளிதாயிற்று. (தொடக்கத்தில் குமட்டல் வந்தபோது, புரதம் குறைந்த சிறு சிற்றுண்டியோடு கொடுக்கச் சொன்னார்கள்.)

இரும்புச்சத்து மாத்திரை லெவோடோபா உட்கிரகிக்கப்படுவதைக் குறைக்கும் என்பதால், அதற்கு வேறு அறை ஒதுக்கினோம்.

குறையும் உண்டு, என் பார்வையில் அது சிறியதன்று. மூடி மிகவும் இறுக்கமானது. நடுங்கும் விரல்களால் அதைத் திறக்க இயலாததால், தன் மருந்தைத் தானே எடுத்துக்கொள்ள விரும்பும் மனிதர், ஒலி கேட்டும் இன்னொருவருக்காகக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. மெல்ல அழுத்தினாலே திறக்கும் மூடியுடன் வந்தால் மறுபடியும் இதையே வாங்குவேன்.