அப்பாவின் கட்டுரைகளுக்கு ஒரு வீடு: ஹியூகோவும் பேப்பர்மாட் தீமும், எட்டு மாதத்துக்குப் பிறகு

முதலிலேயே முடிவைச் சொல்லிவிடுகிறேன். தமிழில் மட்டுமே எழுதும் தளத்துக்கு, வலைத்தளத்தை உருவாக்கித் தரும் ஹியூகோ நிரலும் அந்தத் தளத்தின் தோற்றத்தை அமைக்கும் பேப்பர்மாட் தீமும் நல்ல ஜோடி, தைரியமாக எடுக்கலாம். ஆனால் நிறுவிய கையோடு அப்படியே விட்டுவிட்டால், ரெடிமேட் சட்டையை ஆல்டர் செய்யாமல் போட்டுக்கொண்ட மாதிரி இருக்கும். தோளில் ஒரு இடம், கையில் ஒரு இடம் என்று பிரித்துத் தைத்தே ஆக வேண்டும். எனக்கு அதற்கு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. எங்கெங்கே பிரித்தேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அப்பா தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மேற்கு மாம்பலத்து வீட்டில் உட்கார்ந்தபடியே கோயில் குளங்கள், தெருப் பெயர்கள், தி.நகர் உருவாவதற்கு முன் அங்கே கிடந்த நீளமான ஏரி, மார்கழி பஜனை என்று இதுவரை 140 கட்டுரைகள் எழுதியிருக்கிறார். முன்பு வேறொரு சேவையில் வருடா வருடம் பணம் கட்டி வைத்திருந்தோம். பெயர் வேண்டாம். ஒவ்வொரு ஆண்டும் கட்டணம் ஏறியது, கட்டுரைக்கு நடுவே விளம்பரம் வந்து உட்கார்ந்தது, அப்பாவின் பழைய போனில் ஒரு பக்கம் திறப்பதற்குள் காபி ஆறிவிடும். அவர் எழுத்தை யாரோ ஒருவர் வீட்டுத் திண்ணையில் வைத்திருப்பது போலவே எனக்கு இருந்துகொண்டிருந்தது. அதுதான் மாற்றியதற்கு உண்மையான காரணம்.

ஹியூகோ பற்றிச் சுருக்கமாக. கோ (Go) என்ற நிரல் மொழியில் எழுதப்பட்டது, ஸ்டீவ் ஃப்ரான்சியா 2013-இல் தொடங்கியது, இலவசம், திறமூலம். கட்டுரைகளை மார்க்டவுன் கோப்புகளாக (சில எளிய குறிகள் மட்டும் சேர்த்த சாதாரண எழுத்து) எழுதி வைத்தால் அது எல்லாவற்றையும் முன்கூட்டியே முழுப் பக்கங்களாகச் செய்து கொடுத்துவிடும். வாசகர் வந்து தட்டும்போது டேட்டாபேஸைத் தேடி ஓடுகிற வேலையே இல்லை. ஒரே ஒரு நிரல் கோப்பு, அதை இறக்கிப் போட்டால் முடிந்தது. இதே வேலையைச் செய்யும் ஜெக்கிலையும் ஒரு நாள் முயன்று பார்த்தேன், அதற்குத் தேவையான ரூபி மொழியின் பதிப்புகளோடு மல்லுக்கட்டுவதிலேயே அந்த நாள் போய்விட்டது. என்னிடம் இருப்பது ரிச்சி ஸ்ட்ரீட்டில் செகண்ட் ஹாண்டாக வாங்கிய 4 ஜிபி லேப்டாப். அதிலேயே 140 கட்டுரைகளும் ஒரு விநாடிக்குள் தயாராகின்றன. ஒரு வரியைத் திருத்திச் சேமித்தால் பிரவுசரில் பக்கம் தானாகவே புதுப்பித்துக்கொள்கிறது. இறக்கும்போது எக்ஸ்டெண்டட் பதிப்பாகப் பார்த்து எடுங்கள், பல தீம்கள் அதைத்தான் எதிர்பார்க்கின்றன. உபுண்டுவின் களஞ்சியத்தில் வருவது பெரும்பாலும் பழைய பதிப்பாக இருக்கும், அதை நம்பி உட்கார வேண்டாம்.

பேப்பர்மாட் ஏன் என்றால், அது வாசிப்பதற்கென்றே செய்த தீம். வெள்ளைத் தாள், நடுவில் ஒரு பத்தி, பக்கவாட்டில் எதுவும் இல்லை, கருவி இருள் நிறத்துக்கு மாறினால் இதுவும் தானாகக் கறுப்புக்கு மாறிவிடும். ஸ்லைடர், பாப்அப் என்று எதுவும் கிடையாது. பகிர்வுப் பட்டன்களில் எது வேண்டும் என்று செட்டிங்ஸ் கோப்பில் ஒரே வரியில் சொல்லலாம். நான் வாட்ஸ்அப் மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் எடுத்துவிட்டேன், அப்பாவின் வாசகர்களில் ரெடிட்டில் பகிரப் போகிறவர் யாரும் இல்லை.

சரி, இப்போது தைக்க வேண்டிய இடங்களுக்கு வருகிறேன். முதலாவது எழுத்துரு.

இந்தத் தீம் கேட்கும் எழுத்துருக்கள் எல்லாம் ஆங்கிலத்துக்கானவை. அவற்றில் தமிழ் இல்லாததால், பார்க்கிற கருவி தன்னிடம் என்ன தமிழ் இருக்கிறதோ அதைப் போட்டுவிடும். விண்டோஸில் நிர்மலா, ஆண்ட்ராய்டில் நோட்டோ, ஆப்பிளில் தமிழ் சங்கம். ஒரே கட்டுரை, மூன்று முகம். நான் நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துருவை வோஃப்2 என்ற வலை எழுத்துருக் கோப்பாகத் தளத்திலேயே வைத்துவிட்டேன். யூனிகோடில் தமிழுக்கென்று 128 இடங்கள் கொண்ட தனித் தொகுதி இருக்கிறது. அந்த எல்லைக்குள் வரும் எழுத்துகளுக்கு மட்டும் இந்தக் கோப்பைப் பயன்படுத்து என்று சிஎஸ்எஸ்ஸில் (பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் கோப்பு) சொல்லிவிட்டால் எண்களும் ஆங்கிலமும் பழையபடியே வரும். முக்த மலர், கேடமரன், ஹிந்த் மதுரை, அனெக் தமிழ் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தேன். எல்லாம் இலவசம், தலைப்புக்கு முக்த மலர் அழகுதான், ஆனால் இரண்டாயிரம் சொல் கட்டுரையைத் தொடர்ந்து படிக்கும்போது என் கண்ணுக்கு நோட்டோ செரிஃப்தான் இதமாக இருந்தது.

எழுத்துரு மாறிய மறுநாள் காலை அப்பாவிடம் போனைக் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, போனைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார்.

“ஏம்மா, தலைப்புல மேல் வரியோட கால் கீழ் வரியோட தலையை மிதிக்குதே?”

எனக்கு அதுவரை கண்ணில் படவில்லை. “நூற்றாண்டு கடந்த கீழ்க்கரைக் குளம்” என்பது தலைப்பு. போனில் அது இரண்டு வரியாக மடிந்து, மேலே இருந்த நூவின் சுழி கீழே இருந்த கீயின் மேல்விலங்கில் போய் ஒட்டியிருந்தது. காரணம் சாதாரணமானது. தீமில் தலைப்புகளின் வரி உயரம் எழுத்தின் அளவைப் போல் 1.2 மடங்குதான். ஆங்கிலப் பெரிய எழுத்துக்கு அது தாராளம், நம் எழுத்தோ மேலேயும் கொடி பிடிக்கும், கீழேயும் வேர் விடும். நான் தலைப்புக்கு 1.45, உடலுக்கு 1.85 என்று வைத்தேன். தலைப்பின் அளவையும் 40 பிக்சலிலிருந்து 30-க்கு இறக்கினேன், தமிழ்ச் சொற்கள் நீளம் என்பதால் போனில் 40 வைத்தால் பல நேரம் வரிக்கு ஒரு சொல்தான் நிற்கிறது. கூடவே இன்னொன்று: தமிழ் எழுத்துருக்களில் சாய்வெழுத்து அநேகமாகக் கிடையாது, அதனால் பிரவுசர் நேர் எழுத்தையே பிடித்துச் சாய்த்துவிடும், காற்றில் சாய்ந்த கொட்டகை மாதிரி. சாய்வு வர வேண்டிய இடங்களில் எல்லாம் நேராகவே வைத்து நிறத்தை மட்டும் கொஞ்சம் மாற்றினேன்.

இதையெல்லாம் செய்ய தீமின் கோப்புகளில் கை வைக்கவே தேவையில்லை என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். உங்கள் தளத்தின் அசெட்ஸ் கோப்புறைக்குள் சிஎஸ்எஸ், அதற்குள் எக்ஸ்டெண்டட் என்று ஒரு கோப்புறை வைத்து அதில் எந்தப் பெயரில் சிஎஸ்எஸ் கோப்பைப் போட்டாலும் தீம் தானே எடுத்துச் சேர்த்துக்கொள்ளும். என் மாற்றங்கள் மொத்தமே 60 வரிக்குள் அடங்கிவிட்டன.

அடுத்தது தேதி. செட்டிங்ஸில் தேதி வடிவத்தைக் கேட்கும் இடத்தில் “ஜனவரி 2, 2006” என்று ஆங்கிலத்தில் எழுதியிருப்பதைப் பார்த்துப் பலர் அதை அழித்துவிட்டு இன்றைய தேதியை எழுதுகிறார்கள், நானும் கேள்விப்பட்டிருக்கிறேன். அழிக்காதீர்கள். கோ மொழியில் அது ஒரு அச்சு: 1 மாதம், 2 தேதி, 3 மணி, 4 நிமிடம், 5 விநாடி, 6 ஆண்டு. எந்த வரிசையில் எழுதுகிறோமோ அந்த வரிசையில் தேதி வரும். தளத்தின் இயல்பு மொழியைத் தமிழ் என்று அறிவித்துவிட்டால் மாதப் பெயரும் தமிழிலேயே வந்துவிடுகிறது. அந்த அறிவிப்பால் இன்னொரு நன்மையும் உண்டு. பக்கத்து வீட்டு மாமிக்குப் பார்வை குறைவு, போன் படித்துக் காட்டுவதைக் கேட்டுத்தான் படிப்பார். பக்கம் எந்த மொழி என்று அதன் தலையிலேயே எழுதியிருந்தால்தான் போன் தமிழ்க் குரலைத் தேர்ந்தெடுக்கும். இந்த ஒரு வரியை யாரும் விட்டுவிடாதீர்கள்.

வாசிக்கும் நேரம் பற்றி எனக்குக் கொஞ்சம் வருத்தம். ஹியூகோ இடைவெளிகளை வைத்துச் சொற்களை எண்ணி, நிமிடத்துக்கு 213 சொல் என்று வகுக்கிறது. இது ஆங்கிலக் கணக்கு. “போய்க்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்” என்பது அதற்கு ஒரே சொல்! அப்பாவின் 2,130 சொல் கட்டுரை ஒன்றுக்கு 10 நிமிடம் என்று காட்டியது. நான் கடிகாரத்தை வைத்துக்கொண்டு படித்தேன், 18 நிமிடம் ஆனது. வாசகரிடம் தவறான நேரத்தைச் சொல்லி உட்கார வைப்பது சரியில்லை என்று தோன்றியது. கட்டுரையின் தேதி, நேரம் எல்லாம் வரும் அந்தச் சின்ன வார்ப்புருவை (டெம்ப்ளேட்) தீமிலிருந்து நகலெடுத்து என் தளத்தின் லேஅவுட்ஸ் கோப்புறையில் அதே உள்கோப்புறையில் அதே பெயரில் வைத்து, 120-ஆல் வகுக்கும்படி மாற்றினேன். ஒரே பெயரில் இரண்டு கோப்பு இருந்தால் ஹியூகோ எப்போதும் தளத்தின் கோப்பையே எடுக்கும்.

இப்படி நகலெடுப்பது சுலபம் என்பதால் கை துறுதுறுவென்று இருக்கும். அடக்கிக்கொள்ளுங்கள். நகலெடுத்த கோப்புக்கு அதன் பிறகு நீங்கள்தான் பொறுப்பு. தீமில் திருத்தம் வந்தால் உங்கள் நகலுக்கு வராது. ஹியூகோவும் சும்மா இருப்பதில்லை. 0.128 பதிப்பில் பக்கம் பிரிக்கும் அமைப்பின் பெயரை மாற்றினார்கள், 2025-இல் வந்த 0.146-இல் வார்ப்புருக் கோப்புறைகளின் அடுக்கையே மாற்றிவிட்டார்கள். பழைய அடுக்கையும் அது புரிந்துகொள்கிறது என்றாலும், பழைய குறிப்புகளைப் படித்துவிட்டு வேலை செய்கிறவருக்குத் தலை சுற்றும். நான் இரண்டே கோப்புகளைத்தான் நகலெடுத்திருக்கிறேன், அதற்கு மேல் எடுக்கப் போவதில்லை.

பட்டன்களில் வரும் சொற்களுக்குத் தனிக் கோப்பு உண்டு, “அடுத்த பக்கம்”, “பொருளடக்கம்”, “நகலெடு” என்று நாமே எழுதிக்கொள்ளலாம், அரை மணி நேர வேலை. அப்பா உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாகச் சரிபார்த்தார்.

முகவரி விஷயத்தில் மட்டும் தமிழை விட்டுக்கொடுத்தேன், மனமில்லாமல்தான். கோப்பின் பெயர் தமிழில் இருந்தால் முகவரியும் தமிழில் அமையும், பிரவுசரில் பார்க்க அழகாகவே இருக்கும். ஆனால் அதை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால் பல நேரம் சதவீதக் குறிகளாக உடைந்துவிடுகிறது. ஒவ்வொரு தமிழ்க் குறியும் ஒன்பது எழுத்தாக நீளும். “மாம்பலம்” என்ற ஒரு சொல்லே 72 எழுத்து. அப்பாவின் நண்பர்கள் அதைப் பார்த்து ஏதோ வைரஸ் என்று பயந்துவிட்டார்கள். ஆகவே ஒவ்வொரு கட்டுரையின் தலைப்பகுதியிலும் ஆங்கில எழுத்தில் ஒரு சிறு முகவரிப் பெயர் கொடுத்துவிட்டேன்.

தேடல் சுமார். தீமிலேயே தேடல் பக்கம் இருக்கிறது, முகப்புக்கு ஜேசன் வெளியீட்டையும் (தேடல் படிக்கும் தரவுக் கோப்பு) சேர்க்க வேண்டும், சேர்க்காவிட்டால் எதைத் தேடினாலும் வெறும் பக்கம்தான். “ஏரி” என்று தட்டினால் ஏரிக்கரையும் வருகிறது. “குளம்” என்றால் குளத்தங்கரை சில நேரம் வரும், சில நேரம் வராது. சொல் திரிந்து புணர்கிற மொழியில் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் தேடல் இந்த அளவுக்குத்தான் ஓடும். கட்டுரைகளுக்கு நல்ல குறிச்சொற்கள் கொடுத்துச் சமாளிக்கிறோம்.

தளத்தைக் கிட்ஹப் பேஜஸ் என்ற இணையச் சேவையில் வைத்திருக்கிறேன், வாடகை இல்லை. ஏற்றும்போது இரண்டு இடத்தில் எல்லோரும் வழுக்குவார்கள். ஒன்று, கோப்புகளின் பதிப்புகளைப் பராமரிக்கும் கிட் (Git) கருவியில் தீமைத் துணைத்தொகுதியாகச் சேர்த்திருந்தால், அங்கே கட்டுமானம் நடக்கும்போது துணைத்தொகுதிகளையும் எடுத்துக்கொள் என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நம் கணினியில் ஜோராக ஓடுவது அங்கே வெறுமையாக நிற்கும். இரண்டு, தளத்தின் அடிப்படை முகவரி. அதில் ஒரு துணுக்கு தவறினாலும் எழுத்து மட்டும் வரும், அலங்காரம் எதுவும் வராது. தளத்தை ஏற்றிய அன்று இரவு பதினொரு மணிவரை தீமில்தான் கோளாறு என்று தேடிக்கொண்டிருந்தேன், கடைசியில் முகவரியில் தளத்தின் உட்பெயர் விடுபட்டிருந்தது.

இப்போது மாம்பலத்திலிருந்து கடற்கரை போகும் மின்சார ரயிலில், சிக்னல் விட்டுவிட்டு வரும் இடத்தில்கூட, பக்கம் தட்டியதும் திறக்கிறது. ஒன்றிரண்டு வரி சிஎஸ்எஸ் எழுதத் தயங்காதவர் யாராக இருந்தாலும் எடுக்கலாம். படங்கள் நிறைந்த தளமோ கடையோ போடப் போகிறவருக்கு இந்தத் தீம் வேண்டாம், அதற்காகச் செய்யப்பட்டதே இல்லை. கருப்புத் திரையில் கட்டளை தட்டவே பிடிக்காதவருக்கு ஹியூகோவே வேண்டாம். அப்பா மார்க்டவுனை ஒரு மாலையில் கற்றுக்கொண்டார், ஏற்றுவது மட்டும் இன்னும் நான்தான்.

பாக்கி இருப்பது அச்சு. போனில் படிக்காத நண்பர்கள் நாலைந்து பேருக்கு அவர் தாளில் எடுத்துக் கொடுக்கிறார், அதற்கென்று தனி சிஎஸ்எஸ் எழுத ஆரம்பித்திருக்கிறேன்: மெனு போக வேண்டும், எழுத்து 13 புள்ளி, இடப்பக்கம் தைக்க ஓரம். தாளில் வரும்போது தலைப்பை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கச் சொல்கிறார். வரி உயரத்தையும் கூடவே ஏற்ற வேண்டும்.