‘தாமதமே இல்லை’ என்று சொல்லி விற்கப்பட்ட இணையவழிச் சேர்ந்திசைக் கருவி: வாங்குமுன் படியுங்கள்

வெவ்வேறு ஊர்களில் இருப்பவர்கள் ஒரே நேரத்தில் சேர்ந்து வாசிக்கலாம் என்று சொல்லி விற்கப்பட்ட ஒரு கருவியை, ஓராண்டுச் சந்தாவுடன் வாங்கி நான் ஏமாந்தேன். இன்னொரு கலைஞர் இப்படி ஏமாறக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

செயல்விளக்கத்தின்போது நான் ஓர் அறையில் வயலின் வாசிக்க, அடுத்த அறையில் விற்பனையாளரின் ஆள் தாளவாத்தியம் வாசித்தார், இம்மியும் பிசகவில்லை. இரண்டு அறைகளிலும் இருந்த அந்த இணையக் கருவிகள் ஒரே ரவுட்டரில் இணைக்கப்பட்டிருந்ததையும், ஒலி அந்தக் கட்டடத்தை விட்டு வெளியே போகவே இல்லை என்பதையும் நான் அப்போது கவனிக்கத் தவறிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து, 300 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் நண்பருடன் வாசித்தபோது, பத்து ஆவர்த்தனத்துக்குள் (தாளச் சுற்றுக்குள்) காலப்பிரமாணம், அதாவது வாசிப்பின் வேகம், தளர்ந்துவிட்டது. அவருடைய அடி எனக்குப் பிந்தி வந்து சேர, அதற்காக நான் காத்திருந்து வாசிக்க, என் வாசிப்பு அவருக்கு இன்னும் பிந்திப் போய்ச் சேர, இருவருமே மாறி மாறி ஒருவரையொருவர் பின்னுக்கு இழுத்துக்கொண்டிருந்தோம். நிறுவனத்தைக் கேட்டால், எங்கள் இணைய இணைப்புதான் சரியில்லை என்றார்கள். நாங்கள் இருவருமே வைஃபையைத் தவிர்த்துக் கேபிள் வழியாகவே இணைத்திருந்தோம். தாமதத்தைக் கூட்டும் என்பதால் புளூடூத் கருவி எதையும் பயன்படுத்தவில்லை.

ஆகவே தாமதத்தை நாங்களே அளந்து பார்த்தோம். நான் மைக்கின் முன் ஒருமுறை கைதட்ட, நண்பர் தம் ஹெட்ஃபோனை மைக்கோடு ஒட்டிவைத்து அந்த ஒலியை அப்படியே திருப்பி அனுப்பினார். பதிவின் அலைவடிவத்தில் இரண்டு தட்டல்களுக்கும் இடையே 130 மில்லிநொடி இருந்தது. அதாவது ஒருவழிக்கு 65 மில்லிநொடி. காற்றில் ஒலி செல்லும் வேகத்தில் பார்த்தால், ஏறத்தாழ 22 மீட்டர் தள்ளி நிற்பவரோடு சேர்ந்து வாசிப்பதற்குச் சமம். தாளம் குலையாமல் இருக்க ஒருவழித் தாமதம் 25 முதல் 30 மில்லிநொடிக்குள் இருக்க வேண்டும். இணையத் தரவைக் கொண்டுசெல்லும் கண்ணாடியிழையில் ஒளி ஒரு மில்லிநொடியில் சுமார் 200 கிலோமீட்டர் செல்லும் என்பதால், எங்களுக்கு இடைப்பட்ட தொலைவுக்கு 2 மில்லிநொடிகூடத் தேவையில்லை. தேடிப் பார்த்ததில், எங்கள் ஒலி முழுவதும் வெகுதொலைவில் வேறொரு நாட்டில் இருக்கும் அவர்களுடைய சர்வருக்குப் போய்த்தான் திரும்புகிறது என்பது தெரியவந்தது. அதே இணைப்பில், இணையவழியே சேர்ந்து வாசிக்க இலவசமாகக் கிடைக்கும் ஜாமுலஸ் என்ற மென்பொருளை அருகிலுள்ள சர்வர் வழியே இயக்கியபோது ஒருவழித் தாமதம் 28 மில்லிநொடியாகக் குறைந்தது. அன்றுதான் நாங்கள் முதல்முறையாக ஓர் உருப்படியை (இசைப் பாடலை) முழுமையாக வாசித்து முடித்தோம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, கணக்கைச் செயல்படுத்திய பின் தர இயலாது என்ற நிபந்தனையைக் காட்டினார்கள். பெட்டியைப் பிரித்த பிறகே அந்த நிபந்தனை கண்ணில் படும். இப்படிப்பட்ட கருவியை வாங்க நினைப்பவர்கள், யாருடன் வாசிக்கப் போகிறீர்களோ அவர் வீட்டுக்கும் உங்கள் வீட்டுக்கும் இடையே கைதட்டிச் சோதித்துப் பார்க்காமல் பணம் செலுத்த வேண்டாம். சர்வர் எங்கே இருக்கிறது என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கைதட்டல் பதிவை அவர்களுக்கு அனுப்பி வைத்தேன். மூன்றாவது மின்னஞ்சலுக்குப் பிறகு பதில் நின்றுவிட்டது. ‘தாமதமே இல்லை’ என்ற அந்த விளம்பரம் இன்றும் அப்படியே இருக்கிறது.