வீடா, மருத்துவமனையா, பராமரிப்பு இல்லமா, ஹாஸ்பிஸா: இரவு இரண்டு மணியை வைத்து ஓர் ஒப்பீடு

நோய் இனி முற்றிலும் குணமாகாது என்று மருத்துவர் சொன்ன பிறகு குடும்பத்தார் முதலில் கேட்பது பெரும்பாலும் இதுதான்: "எங்கே வைத்துப் பார்த்துக்கொள்வது?" மருத்துவமனையிலேயே வைத்திருக்கலாம், வீட்டுக்கு அழைத்துச் செல்லலாம், முதியோர் பராமரிப்பு இல்லத்தில் சேர்க்கலாம், இறுதிக்காலப் பராமரிப்புக்கென்றே நடக்கும் ஹாஸ்பிஸில் இடம் கேட்கலாம். வார்டிலும் வீடுகளிலுமாகப் பல ஆண்டுகள் செவிலியராக வேலை பார்த்த எனக்கு, இந்த நான்கையும் நிறுத்துப் பார்க்க உதவிய கேள்வி ஒன்றே. இரவு இரண்டு மணிக்கு வலி ஏறினால் அடுத்த டோஸை யார் கொடுப்பார், எத்தனை நிமிடத்தில் கொடுப்பார்? பகலில் எல்லா இடமும் ஓரளவு நன்றாகவே தெரியும். குறை இருந்தால் அது இரவில்தான் வெளிப்படும்.

மருத்துவமனையின் பலத்தில் ஐயமில்லை. நுரையீரல் தொற்று, எலும்பு முறிவு, இதயச் செயலிழப்பு உள்ளவருக்குத் திடீரென உடலில் நீர் சேர்வது போன்ற, சரிசெய்யக்கூடிய சிக்கல் வந்தால் அங்கே போவதே சரி. நாள்பட்ட நோயாளி என்பதற்காக அவருக்குக் கிடைக்கவேண்டிய சிகிச்சையை மறுப்பது பெரிய தவறு. ஆனால் சரிசெய்யக்கூடியது எதுவும் மிஞ்சாத நிலையிலும் வார்டு தன் வழக்கப்படியே இயங்கிக்கொண்டிருக்கும். மூச்சு விட்டுவிட்டு வரும் நிலையில் இருந்த ஒரு முதியவருக்கு நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பிபி பார்த்துக்கொண்டிருந்தார்கள். காகிதம்போல் மெலிந்திருந்த அவருடைய மேற்கைத் தோலில் பட்டை அழுந்திய இடமெல்லாம் ஊதா நிறமாகக் கன்றியிருந்தது. அந்த எண்ணைப் பார்த்து யாரும் எந்த மருந்தையும் மாற்றப்போவதில்லை, இருந்தாலும் அட்டவணையில் அந்தக் கட்டம் நிரம்பியாக வேண்டியிருந்தது. மருந்து அதே கட்டடத்தில் இருப்பதால் உடனே கிடைத்துவிடும் என்று நம்பவும் முடியாது. கடும் வலியைத் தணிக்கும் மார்ஃபின் போன்ற மருந்தைப் பல மருத்துவமனைகளில் இரண்டு செவிலியர்கள் சேர்ந்து சரிபார்த்துக் கையெழுத்திட்ட பிறகே கொடுப்பார்கள். பாதுகாப்புக்காக வந்த அந்த விதி சரியானதுதான். ஆனால் ஆள் குறைவான இரவில், இன்னொரு படுக்கையருகே நிற்கும் இரண்டாமவர் வரும்வரை நோயாளி வலியோடு காத்திருக்க நேரும். முதியவர்களுக்கு இன்னோர் ஆபத்தும் உண்டு: படுத்தபடியே கிடப்பதால் தசை வேகமாகக் குறையும், இடம் புதிது, வெளிச்சம் அணையாது, தூக்கம் கெடும், இவற்றால் திடீர்க் குழப்பநிலையும் வரும். நடந்து வந்தவர் நடக்க முடியாதவராகத் திரும்புவதை வார்டில் வேலை செய்த எல்லோரும் பார்த்திருப்பார்கள்.

வீடு என்றதும் பலர் ஆறுதலாக உணர்கிறார்கள், சிலர் பயப்படுகிறார்கள். இரண்டு உணர்வுக்கும் காரணம் உண்டு. பல ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிட்டு 2013இல் வெளிவந்த காக்ரேன் தொகுப்பாய்வு ஒன்று, வீட்டுக்கே வந்து நோய் தணிப்புப் பராமரிப்பு (வலி முதலிய துன்பங்களைக் குறைக்கும் பராமரிப்பு) தரும் குழு இருந்தால், நோயாளி வீட்டிலேயே இறக்கும் வாய்ப்பு இரு மடங்குக்கும் மேலாகிறது என்று காட்டியது. இதில் அழுத்திச் சொல்லவேண்டியது 'குழு' என்ற சொல்லைத்தான். குழு இல்லாத வீடு என்றால், பயிற்சி இல்லாத ஒருவரிடம் முழுநேரச் செவிலியர் வேலையைச் சம்பளமும் தூக்கமும் இல்லாமல் ஒப்படைத்துவிட்டோம் என்றே பொருள்.

அந்த வேலை என்ன என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைப்பதைப் பொதுவான தொடக்க அளவாகக் கொள்ளலாம், பிறகு தோலின் நிலையையும் மெத்தையையும் பார்த்து நேரத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். முழுப் பக்கவாட்டில் படுக்கவைத்தால் இடுப்பெலும்பு மேட்டில் எடை இறங்கும் என்பதால், முதுகுக்குப் பின்னால் தலையணை அணைகொடுத்துச் சுமார் 30 பாகை சாய்வில் வைப்பது நல்லது. கெண்டைக்காலின் கீழே ஒரு தலையணையை நீளவாக்கில் வைத்துக் குதிகால் மெத்தையைத் தொடாமல் மிதக்கும்படி செய்யவேண்டும். குதிகால் புண் வந்துவிட்டால் ஆறுவது மிகக் கடினம். நகர்த்தும்போது அக்குளில் கைகொடுத்து இழுக்கக் கூடாது, இடுப்புக்கு அடியில் குறுக்காக விரித்த துணியின் இரு முனைகளையும் இருவர் சுருட்டிப் பிடித்துத் தூக்கி நகர்த்தவேண்டும், ஏனென்றால் தோல் துணியோடு உரசும் ஒவ்வொரு முறையும் ஒரு புண்ணுக்கு வித்திடுகிறோம். வாய் வறண்டால் ஈரமான மென்பஞ்சால் ஈறையும் நாக்கையும் துடைத்து, உதட்டில் ஈரப்பசை தடவவேண்டும். விழுங்க முடியாதவருக்கு இந்த இரண்டு நிமிட வேலை தருகிற நிம்மதியை டிரிப் பாட்டில் தருவதில்லை. மார்ஃபின் மலச்சிக்கலை உண்டாக்கும் என்பதால், அதைத் தொடங்கிய நாளிலேயே மலமிளக்கியும் தொடங்கவேண்டும். மலச்சிக்கலால் வரும் வயிற்றுவலியையும் கலக்கத்தையும் நோய் முற்றிவிட்டதாக எண்ணி மார்ஃபின் அளவைக் கூட்டிய வீடுகளை நான் கண்டிருக்கிறேன்.

ஆகவே வீட்டைத் தேர்ந்தெடுக்குமுன் மூன்று விஷயங்களை உறுதிசெய்துகொள்ளவேண்டும். மாறி மாறித் தூங்கக் குறைந்தது இரண்டு பேர் இருக்கவேண்டும். வலி, மூச்சுத்திணறல், வாந்தி, கலக்கம் ஆகியவற்றுக்கான மருந்துகள், எவ்வளவு கொடுக்கலாம் என்று எழுதிய தாளோடு முன்கூட்டியே வீட்டில் இருக்கவேண்டும். இரவில் எடுக்கப்படும் தொலைபேசி எண் ஒன்று வேண்டும். இம்மூன்றும் இருந்தால் இரவு இரண்டு மணிச் சோதனையில் வீடுதான் முதலில் நிற்கும், கையெட்டும் தூரத்தில் மருந்தும் அதைக் கொடுக்கத் தெரிந்த கையும் இருப்பதால். மூன்றில் ஒன்று குறைந்தாலும் நான் வீட்டைப் பரிந்துரைக்கத் தயங்குவேன்.

பராமரிப்பு இல்லத்தைப் பற்றிப் பேசும்போது பெற்றோரைக் கைவிட்டதாகக் குற்ற உணர்வு கொள்பவர்கள் அதிகம். எனக்கு அது நியாயமாகத் தோன்றவில்லை. மறதி நோய் பல ஆண்டுகள் நீள்வது. இரவெல்லாம் எழுந்து நடப்பவரை ஒரே மகளோ மனைவியோ ஆண்டுக்கணக்கில் பார்த்துக்கொள்ள முடியாது. நல்ல இல்லத்தின் பெரும் பலம் பழக்கம். இந்த அம்மா வலி வந்தால் பேசமாட்டார், விரிப்பின் ஓரத்தைத் திருகுவார் என்பதைத் தினமும் குளிப்பாட்டும் உதவியாளர் அறிந்திருப்பார். வலியைச் சொல்லத் தெரியாதவர்களுக்காக 2003இல் வந்த பெயினாட் அளவுகோலும் மூச்சு, முனகல், முகம், உடலசைவு, ஆறுதல் சொன்னால் அடங்குகிறாரா என்ற ஐந்தையும் பார்த்து 0 முதல் 10 வரை மதிப்பெண் இடுகிறது. பழகிய கண் செய்வதைத்தான் அது எழுத்தில் வைக்கிறது. இல்லத்தின் பலவீனம் இரவுதான். பல இல்லங்களில் இரவில் ஏராளமானோருக்கு ஒரே செவிலியர் இருப்பார், சில இடங்களில் உதவியாளர் மட்டுமே இருப்பார். அவர் மார்ஃபின் கொடுக்க அனுமதி இல்லாதபோது ஆம்புலன்ஸ்தான் மிஞ்சும். ஆண்டுக்கணக்கில் அங்கே வாழ்ந்தவர் கடைசி நாளை அவசர சிகிச்சைப் பிரிவின் ஸ்ட்ரெச்சரில் கழிப்பார். சேர்க்கும் நாளிலேயே, "இரவில் யார் இருப்பார், என்ன மருந்து கொடுக்க அவருக்கு அனுமதி உண்டு?" என்று கேட்டுவிடுங்கள். முற்றிய மறதி நோயில் உணவுக்குழாய் போடுவதைப் பற்றியும் அன்றே பேசிவிடுவது நல்லது. அது ஆயுளை நீட்டுவதாகவோ, நுரையீரலுக்குள் உணவு புகுவதைத் தடுப்பதாகவோ சான்று இல்லை. பொறுமையாகக் கையால் ஊட்டுவதே அந்நிலையில் நிபுணர்கள் பரிந்துரைப்பது.

ஹாஸ்பிஸ் இந்தச் சோதனைக்கென்றே பிறந்த இடம் எனலாம். செவிலியராகத் தொடங்கிப் பிறகு மருத்துவரான சிசிலி சாண்டர்ஸ் 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் தொடங்கினார். வலி வந்து நோயாளி கேட்கும்வரை காத்திராமல், வலி திரும்புமுன் கடிகாரம் பார்த்து மார்ஃபின் கொடுக்கும் முறையை அவர் வலியுறுத்தினார். உடலோடு மனம், குடும்பம், ஆன்மா எல்லாம் சேர்ந்து வலிப்பதை 'முழுமையான வலி' என்று அழைத்ததும் அவரே. அடங்காத வலி, கடுமையான மூச்சுத்திணறல், இரத்தப்போக்கு ஆகியவற்றைக் கையாளும் திறனில் மற்ற மூன்றும் இதற்கு நிகராகா. குறை, வாசலில் இருக்கிறது. படுக்கைகள் சிலவே, நோயாளி இன்னும் எவ்வளவு காலம் வாழ்வார் என்ற மதிப்பீட்டை வைத்தே பெரும்பாலும் சேர்க்கிறார்கள். புற்றுநோயில் அந்த மதிப்பீடு ஓரளவு கைகூடும். இதயச் செயலிழப்பிலும் நாள்பட்ட நுரையீரல் நோயிலும் நோயாளி விழுந்து விழுந்து எழுவதால் எந்த வீழ்ச்சி கடைசி என்று யாராலும் சொல்ல முடிவதில்லை, அதனால் அவர்களுக்கு அந்தக் கதவு தாமதமாகவே திறக்கிறது. உலக அளவில் நோய் தணிப்புப் பராமரிப்பு தேவைப்படுவோரில் ஏறத்தாழ 14 சதவீதம் பேருக்கே அது கிடைக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது.

நோய் தணிப்புப் பராமரிப்புக்குள் போனால் ஆயுள் குறையும் என்ற அச்சத்துக்கும் ஆதாரமில்லை. பரவிய நுரையீரல் புற்றுநோயாளிகள் 151 பேரிடம் நடந்து 2010இல் வெளியான அமெரிக்க ஆய்வில், நோய் கண்டறிந்தவுடனேயே வழக்கமான சிகிச்சையோடு இந்தப் பராமரிப்பையும் பெற்றவர்கள் இடைநிலையாக 11.6 மாதங்கள் வாழ்ந்தார்கள், மற்றவர்கள் 8.9 மாதங்கள். மனச்சோர்வும் அவர்களிடம் குறைவாக இருந்தது.

என் தேர்வைக் கேட்டால், நான்கில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை அங்கேயே இருக்கவேண்டியதில்லை என்பேன். இரண்டு பேரும் குழுவும் உள்ள குடும்பத்துக்கு வீடு. வலி கட்டுக்கு மீறினால் ஒரு வாரம் ஹாஸ்பிஸ் படுக்கை, சீரானதும் மறுபடி வீடு. தனியாக இருக்கும் மறதி நோயாளிக்குத் தணிப்புக் குழு வந்துபோகும் இல்லம். சரிசெய்யக்கூடிய சிக்கலுக்கு மட்டும், என்று திரும்புவோம் என்பதை முதல் நாளே கேட்டுக்கொண்டு, மருத்துவமனை.

நான் வீட்டுக்குச் சென்று பார்த்துவந்த ஓர் அம்மாவின் மகள் ஓர் இரவு இரண்டரை மணிக்கு அழைத்தார். தொண்டையில் களகளவென்று சத்தம் வருகிறது, அம்மாவுக்கு மூச்சுமுட்டுகிறதா என்று கேட்டார். புருவம் சுருங்கியிருக்கிறதா என்று கேட்டேன், இல்லை என்றார். விழுங்க முடியாத எச்சில் தேங்குவதால் வரும் சத்தம் அது என்றும், அம்மாவை அது வருத்துவதாகத் தெரியவில்லை என்றும் சொல்லி, பக்கவாட்டில் திருப்பித் தலையைச் சற்று உயர்த்தச் சொன்னேன். தாளில் எழுதியிருந்த மருந்தை அவரே கொடுத்தார். தொலைபேசியை வைக்காமல் இருவரும் அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தோம். இருபது நிமிடத்தில் சத்தம் தணிந்தது. "இப்போது அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்காரலாம் இல்லையா, அக்கா?" என்று கேட்டுவிட்டு அவர் தொலைபேசியை வைத்தார்.